கட்டைவிரலால் நான் தள்ளிய வசனம்

எபி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படி. சாப்பாட்டை முன்னால் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. படித்த பிறகு இன்றைக்கு நான் வைத்ததை நீ தொடுவாயா என்று எனக்குத் தெரியாது. மத்தி மீன் குழம்பு வேறு. கோபத்தில் வீணாக்கக்கூடிய குழம்பு இல்லை அது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு நீ பதில் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றோ, வரவில்லை என்றோ. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உன் அப்பா கேட்டார், "இன்னாடா முடிவு பண்ணிகீற?" நீ தட்டைப் பார்த்தபடியே சொன்னாய், "வேணாம்ப்பா. மூணு வருசத்துக்கு முன்னாடியே ஆண்டவர் எனக்குத் தெளிவா சொல்லிட்டாரு. ஒரு தடவ சொன்னத மறுபடி மறுபடி போய்க் கேட்டுகினு இருக்கக் கூடாது." நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். ரசம் மேசை மேலேயே இருந்தது. நீ கவனிக்கவில்லை. உன் அப்பா கவனித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உனக்குச் சொன்னது ஆண்டவர்தானா என்பதைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். அதை நீ தெரிந்துகொண்ட பிறகு உன் பதில் மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனால் தெரியாமல் நீ அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நான் பாதியில் ஏதாவது கிண்டல் அடிப்பேன், நீ சிரித்துவிடுவாய், நான் தப்பித்துவிடுவேன். ஐம்பத்தோரு வயதுவரை நான் தப்பித்ததெல்லாம் அப்படித்தான். தாளில் எழுதினால் நீ சிரிக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. அதனால் கடைசிவரை சொல்லிவிடுவேன். இன்னொன்று. இது சபைக்குள்ளே, சபையின் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம். அதனால் சபையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் சபையின் மாத இதழில் இதைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் நீ படி. வேண்டாம் என்று நீ சொன்னால், கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு அவர்களுக்குச் சமையல் குறிப்பு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், சபையில் பாதிப் பேருக்கும் தெரியும். பதினைந்து வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு வேஷம் கொடுக்கவில்லை என்று, பாலகன் இயேசுவுக்குச் சாஸ்திரிகள் கொண்டுவரும் தூபவர்க்கப் பெட்டிக்குள் நெத்திலிக் கருவாட்டை அடைத்து வைத்தவள் நான். மேடையில் பெட்டியைத் திறந்த சாஸ்திரி மூச்சை அடக்கிக்கொண்டு முழு வசனத்தையும் சொன்னான். கோயில் வாசலில் படுத்திருந்த பூனை நேராக மேடை ஏறி, பாலகனைத் தாண்டிப் போய் பெட்டி முன்னால் உட்கார்ந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எனக்கு விழுந்த அடியைவிட, அந்தச் சிரிப்புதான் ஞாபகம் இருக்கிறது. கோயிலுக்குள்ளே இப்படிச் சிரிக்கலாமா, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று இரண்டு நாள் பயந்தேன். மூன்றாம் நாள் ஜெபத்தில் உட்கார்ந்தபோது பூனை ஞாபகம் வந்து மறுபடி சிரித்துவிட்டேன். அவரும் சிரிப்பதுபோல் இருந்தது. அன்றிலிருந்து நானும் அவரும் கொஞ்சம் சகஜமாகிவிட்டோம். என் விசுவாசம் தொடங்கிய இடம் அதுதான். பெரிய கூட்டத்தில் கண்ணீரோடு தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கருவாட்டு வாசனையில் தொடங்கியது. நான் என்ன செய்ய.

பிறகு லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை வந்தது. இருபத்திரண்டு வருடமாக எண்ணூர் சாலை ஓரத்தில் அதே தகரக் கொட்டகை, அதே கண்ணாடி ஜன்னல். டிரெய்லர் மேடை மேல் ஏறும். ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார். எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடி, ஓரிடத்தில் நிற்கும். சீட்டு அடித்துக் கொடுப்பேன். வண்டி போகும். அடுத்த வண்டி ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று யாராவது கேட்டால் நான் சொல்வது, "கண்ணுக்கு வந்தது எல்லாம்". உன் சித்தி ஒருமுறை வந்து அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "எப்டிக்கா இத்தயே பாத்துகினு கீற, பைத்தியம் புடிக்கல?" என்றாள். பிடித்துக்கொண்டிருந்தது உண்மைதான். முதல் வருடத்தில் ஒருநாள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஆண்டவரே, லோடு வண்டி, காலி வண்டி, லோடு வண்டி, காலி வண்டி, இதுக்குத்தான் என்னைப் படைச்சியா" என்று சண்டை போட்டேன். அந்த நேரம் மேடையில் ஒரு வண்டி. எண்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. இறங்கி நின்ற ஓட்டுநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்திருந்தார். சும்மா இருக்கிற நேரம்தானே என்று, "இவருக்கு இடுப்பு வலி போகட்டும்" என்று ஒரு வரி சொன்னேன். எண் நின்றது. அடுத்த வண்டிக்கும் ஒரு வரி. எண் ஆடி நிற்கிற அந்த ஏழெட்டு நொடி, அன்றிலிருந்து என்னுடையது.

மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. ஒருநாள், பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய வண்டிக்காரர், மணலிக்காரர், என் வாயைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, சீட்டு கேட்டா முணுமுணுன்ற. திட்டுறியா?"

"உனக்குத்தான் ஜெபம் பண்ணிகினு கீறேன்."

"எனக்கு ஏன்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணவனுக்குத்தான் பண்ணணும்னா நான் வூட்டுக்கே போவ முடியாது. ஒரு நாளைக்கு எத்தினி வண்டி வருது."

சீட்டை வாங்கிக்கொண்டு பாதி தூரம் போனவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார். "பண்றதுதான் பண்ற, ஒயுங்கா பண்ணு. எம் பொண்ணுக்குப் பத்து நாளா ஜொரம். பேரு லாவண்யா." அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மேடையில் ஏறும்போதே ஜன்னலுக்குக் குரல் வரும். அக்கா, தங்கச்சிக்கு இன்னைக்குப் பொண்ணு பாக்க வராங்க. அக்கா, மச்சான் பேச மாட்டேங்கறான். எடை அக்கா என்று ஆரம்பித்தது தேய்ந்து தேய்ந்து எடக்கா ஆனது. பொருத்தமான பேர்தான், இந்த வாய்க்கு. லாவண்யா இப்போது நர்ஸ் படிக்கிறாள். ஜெபத்தால்தான் ஜுரம் போனது என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்தபடியே நான் போகாத ஊர் இல்லை, நுழையாத வீடு இல்லை. காலையில் கதவைத் திறக்கும்போது, இன்றைக்கு யார் வருவார், என்ன கொண்டுவருவார் என்று வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும். ராட்டினத்தில் ஏறும்போது இருக்குமே, அதே குறுகுறுப்பு. டிக்கெட் இல்லாத ராட்டினம்.

அதைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளியிலிருந்து உன்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிப் போகிற டிரெய்லர்கள் மூன்று வரிசையாக நின்று, சாலையே சங்கிலி போட்டுப் பூட்டியதுபோல் கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நீ அழ ஆரம்பித்தாய். "வூட்டுக்குப் போகணும், பசிக்குது, இது ஒரே பேஜாரு." நான் சொன்னேன், "ஆண்டவர் நம்மள இங்க நிறுத்தி வெச்சிருக்காரு. எதுக்குன்னு கண்டுபுடி பாக்கலாம்." நீ கோபமாக அக்கம்பக்கம் பார்த்தாய். பிறகு பெரிய மனிதன் போல, பக்கத்து வண்டி ஓட்டுநரிடம் கேட்டாய், "அண்ணே, இந்தப் பொட்டில இன்னா கீது?" அவர் கீழே எட்டிப் பார்த்தார். "சீல் போட்ட பொட்டி தம்பி. எனக்கே தெரியாது. அஞ்சு நாளா இஸ்துகினு வரேன், உள்ள யானையே இருந்தாலும் எனக்குத் தெரியாது." போதுமே உனக்கு. அழுகை போய்விட்டது. நின்ற வண்டிகளுக்கெல்லாம் நீ ஒரு சரக்கு சொன்னாய். யானை, ஐஸ்கிரீம், யாரோ ஒரு ராஜாவின் கட்டில், பதினாயிரம் வலதுகால் செருப்பு. இடதுகால் செருப்பு எந்த வண்டியில் என்று தேடினாய். இரண்டரை மணி நேரம் கழித்து வண்டிகள் நகர்ந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இன்னாம்மா" என்றாய்.

அன்று ராத்திரி சாப்பாட்டில்தான் அந்த விளையாட்டு ஆரம்பமானது. "இன்னைக்கு இன்னா வந்துச்சு?" அன்றைய நாளுக்குள் ஆண்டவர் நமக்கென்று சொருகி வைத்ததில் ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். பெரியதாக இருக்கக் கூடாது, அதுதான் விதி. நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. கணக்கு வாத்தியார் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுவந்தது. முகத்துவாரக்குப்பம் பக்கம் கடல் பாறைமேல் ஒற்றைக்காலில் நின்ற வெள்ளைப் பறவை. உன் அப்பா பேசுகிற ஆள் இல்லை. அவரே ஒருநாள், "வெல்டிங் கண்ணாடிக்குள்ளாற ஒரு எறும்பு. நான் வேல செய்யிற வரைக்கும் அதுவும் பாத்துகினே இருந்துச்சு" என்றார். நீ மூன்று நாள் அந்த எறும்பைப் பற்றியே கேட்டாய். ஹேப்பி நியூ இயர் சொல்லத் தெரியாமல் எபி நியூ இயர் என்று எல்லாரிடமும் உன் பெயரையே வாழ்த்தாகக் கொடுத்தாயே, அந்தப் பிள்ளை நீ. எல்லா நாளும் உனக்குப் புது வருஷமாகத்தான் இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன், உனக்கே தெரிந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், டிசம்பர் மாதம், இதே சிங்கப்பூர் பட்டறையிலிருந்து முதல் அழைப்பு வந்தது. உன் தோஸ்து பிரவீன் அங்கே போய், உனக்கும் சொல்லி வைத்திருந்தான். உனக்கு இருபத்துநாலு வயது. போகவா, வேண்டாமா என்று ஒரு வாரம் நீ தூங்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து சொன்னாய், "மா, நான் முடிவு பண்ணல. புது வருசத்துக்கு வசனம் எடுப்போம் இல்ல, அதுல ஆண்டவர் இன்னா சொல்றாரோ அதான்." நம் சபையில் வருடத்தின் முதல் நாள் காலை ஆராதனையில் வாக்குத்தத்த வசனங்களை அட்டைகளில் எழுதி, தாம்பாளத்தில் கவிழ்த்து நீட்டுவோம். ஒவ்வொருவரும் ஒன்று எடுப்பார்கள். அந்த வருஷம் முழுவதும் அதுதான் அவர்களுக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை. கண்ணாடியில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள். அந்த அட்டைகளை எழுதுகிற பெண்களில் நானும் ஒருத்தி. தாம்பாளம் ஏந்துகிறவர்களிலும் நானும் ஒருத்தி.

நீ அப்படிச் சொன்ன நிமிஷம் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? என் மகனுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. நூற்றைம்பது அட்டையில் போ என்கிற மாதிரி எத்தனை, இரு என்கிற மாதிரி எத்தனை என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது. இருபது வருடமாக ஓட்டுநர்களிடம் ஆண்டவரை நம்பு என்று ஜன்னல் வழியாகச் சொன்னவள், என் பிள்ளை விஷயம் வந்ததும் அவரை நம்பவில்லை. அவர் உன்னை அனுப்பிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவருக்கும் மகனை அனுப்பிப் பழக்கம்.

விபிஎஸ் என்கிற கோடை விடுமுறை வேதாகம வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் அட்டை வித்தை காட்டுவேனே, உனக்கே காட்டியிருக்கிறேன். அட்டைகளை விசிறி மாதிரி விரித்து, ஒன்றை மட்டும் கட்டைவிரலால் கடுகளவு முன்னே தள்ளி வைக்க வேண்டும். எதிரே இருப்பவர் கை நீட்டும்போது விசிறியை லேசாக நகர்த்தினால், அவர் தானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு அதையே எடுப்பார். அட்டை எழுதிய அன்றைக்கே, இந்தத் தேசத்திலேயே தங்கியிரு, உனக்கு வேண்டியது இங்கேயே கிடைக்கும் என்று பொருள்படும் ஒரு வசனத்தைத் தனியாக எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். புத்தாண்டு காலையில் பாஸ்டருக்கு நீட்டிய பிறகு, பின்வரிசை வாலிபர் பக்கமும் நான் ஏந்துகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். பின்வரிசைக்கு வரும்போது தாம்பாளத்தில் அட்டை குறைந்துவிடும், கையில் எடுத்து விரித்து நீட்டுவது எப்போதும் நடப்பதுதான். பர்ஸில் இருந்ததை நடுவே சொருகினேன், யாரும் சந்தேகப்படவில்லை. நீ கண்ணை மூடி ஜெபித்தாய். உதடு அசைந்தது. பிறகு கை நீட்டினாய். நான் விசிறியை நகர்த்தினேன்.

அதைப் படித்துவிட்டு நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய், எபி. கண் கலங்கியிருந்தது. "மா, பாரேன்" என்று காட்டினாய். நான் "ஆமென்" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ குறும்பு செய்திருக்கிறேன். ஒன்றைக்கூட ஆமென் சொல்லி முடித்ததில்லை.

மிச்ச அட்டைகளைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். நான் தள்ளாமல் இருந்திருந்தால் உன் கைக்கு எது வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அதுவும் இருக்கத்தான் சொல்லியிருக்குமோ என்னவோ. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

நீ பிரவீனுக்கு வரவில்லை என்று சொன்னாய். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வெல்டர் வேலைக்குச் சேர்ந்தாய். வசனத்தைப் பீரோக் கண்ணாடியில் ஒட்டினாய். முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தாய். எனக்கும் நிம்மதி, ஆண்டவருக்கு ஒரு சின்ன உதவி செய்தேன் என்று என்னையே டபாய்த்துக்கொண்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று உன்னிடமிருந்து போனது. சாப்பாட்டில், "இன்னைக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் வரலமா" என்பாய். ஒருநாள் இரண்டுநாள் என்று நினைத்தேன். ஒரு வருஷம் ஆனது. வேலை எப்படி என்று கேட்டால், "கர்த்தர் இருக்கச் சொன்னாரு, இருக்கேன்" என்று, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டவனைப்போலச் சொல்வாய். ஜெபிக்கிறாய், ஆராதனைக்கு வருகிறாய், சபைக்கு ஒலிபெருக்கி கட்டுகிறாய். எல்லாம் செய்கிறாய், சிரிக்காமல் செய்கிறாய். யார்டில் உன்னைச் சுற்றி மலைபோல் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றில்கூட இப்போது யானை இல்லை உனக்கு.

இங்கே இருந்ததால் உனக்கு அப்படி ஆனது என்று நான் நினைக்கவில்லை. நானும் இதே சாலையில்தான் இருக்கிறேன், இதே புகையைத்தான் குடிக்கிறேன். அடுத்த பெட்டியில் என்ன என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்கு இருபத்திரண்டு வருடம் சோறு போட்டது, சிரிப்பும் போட்டது. நான் உன்னிடமிருந்து எடுத்தது அதைத்தான். உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்ன வரும் என்று தெரியாத ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தில் நான் கட்டைவிரலை வைத்தேன். அவர் குரல் என்று நீ கீழ்ப்படிந்தது என் பயத்துக்கு. பயத்துக்குக் கீழ்ப்படிந்தால் சந்தோஷம் எங்கிருந்து வரும்.

போன ஞாயிறு ரசத்துக்குப் போனேனே, அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு ஒரு சட்டையை நிதானமாக மடித்தார்.

"தெரியும்மே" என்றார்.

"இன்னா தெரியும்?"

"நான் அவனுக்குப் பக்கத்து வரிசைலதான குந்திகினு இருந்தேன். உன் விரலப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்யா சும்மா இருந்த?"

அவர் அடுத்த சட்டையை எடுத்தார். "எனக்கும் அவன் போவ வேணாம்னுதான் இருந்துச்சு. நீ பண்ணிட்ட. நான் பண்ணாத மாதிரி இருந்துட்டேன்." அதையும் மடித்துவிட்டு, "உனுக்காவது வித்த தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது" என்றார். அதனால் இது இரண்டு பேருடைய மன்னிப்பு. அவர் எழுத மாட்டார், நான் சேர்த்து எழுதுகிறேன்.

மறுநாள் பாஸ்டரிடம் போனேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு, "ஏம்மா, அன்னைக்கு எனக்கும் நீங்கதான தாம்பாளம் நீட்டினீங்க?" என்று கேட்டார். "ஐயோ பாஸ்டர், உங்களுது உங்களுக்கு வந்ததுதான். அதுல என் விரல் இல்ல" என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வசனத்த வெச்சு நான் ஒரு வருசம் பிரசங்கம் பண்ணியிருக்கேன்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என்கிட்ட சொன்னது சரி. ஆனா திங்கக்கிழம பதில் சொல்லப்போறது நான் இல்லயே." தாம்பாளம் ஏந்துகிற வேலையை நானே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எபி, ஒன்று சொல்லியாக வேண்டும். திருடிய பொருளுக்கு நன்றி சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வருஷத்துக்கு நன்றி. அப்பா கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்து இரண்டு நாள் பார்வை இல்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் அவருக்கு வெளியே நடப்பதையெல்லாம் நீ கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்கு நன்றி. மழைத் தண்ணீர் காலடிப்பேட்டைத் தெருவில் இடுப்பளவு வந்தபோது, எதிர்வீட்டு அம்மாவை நீ முதுகில் சுமந்து வர, அந்த அம்மா உன் தலையைப் பிடித்து லெஃப்டு, ரைட்டு என்று ஓட்டிக்கொண்டு வந்தார்களே, அதைப் பார்க்க வைத்ததற்கு நன்றி. நீ ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட்டைத் தள்ளுகிற சத்தத்துக்கு நன்றி. அந்தச் சத்தம் கேட்டதும் நான் தினமும் தோத்திரம் சொல்லியிருக்கிறேன். என் வஞ்சகத்துக்குள்ளும் இவ்வளவு நல்லதை அவர் போட்டு வைத்தார். அது அவர் குணம். என் சாமர்த்தியம் இல்லை.

இப்போது நான் போ என்று சொன்னால் அதுவும் ஒரு விரல்தான். இரு என்று சொன்னாலும் விரல்தான். அதனால் இரண்டையும் சொல்லவில்லை. என் மேல் கோபத்தில் மட்டும் போகாதே. என் மேல் பாவப்பட்டு மட்டும் இருக்காதே. சிங்கப்பூர் போனால் அங்கேயும் மூன்றாவது மாதம் அதே ஹெல்மெட்தான், அதே வெல்டிங் புகைதான், இரும்புக்கு எந்த ஊரிலும் ஒரே வாசனை. இருந்தால் இங்கேயும் அதே வரிசை, அதே ஹாரன். சாகசம் கப்பலேறிப் போனால்தான் கிடைக்கும் என்று நினைக்காதே, வீட்டில் இருந்தால் தானாக வரும் என்றும் நினைக்காதே. காலையில் எழுந்து, இன்றைக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று அவரிடம் கேட்கிறவனுக்கு, அவர் ஏதாவது வைத்திருப்பார். எனக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. சிலநாள் ரொம்பச் சின்னதாக வைத்திருப்பார், பூதக்கண்ணாடி வேண்டும். எறும்பு அளவுகூட இருக்கும். வசனம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல பழக்கம். கெடுத்தது நான். ஆனால் ஒரு அட்டை உனக்காகத் தீர்மானிக்க வேண்டும் என்று நீ நினைத்தாயே, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஆண்டவர் என்ன வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் உனக்குள்ளேயே எதையாவது வைத்திருக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

உன்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். எத்தனை மார்க், என்ன சாப்பிட்டாய், எப்போது வருவாய், ஆண்டவர் என்ன சொன்னார். இருபத்தேழு வருடத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிந்தது. அதை இப்போது கேட்கிறேன். சிங்கப்பூர்க்காரர்களுக்கு உன் பதிலைத் திங்கட்கிழமை சொல். என்னிடம் அதற்கு முன்னாலேயே சொல், இன்றைக்கோ நாளைக்கோ, உனக்கு முடிகிறபோது. உனக்கு என்னடா ஆசை? போகவா, இருக்கவா?

நான் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வந்து சொல்லு. கோபமாக இருந்தால் கோபமாகச் சொல்லு. நான் பதிலுக்கு ஜோக் அடிக்க மாட்டேன், நடுவில் ரசம் எடுக்கப் போக மாட்டேன். என் இரண்டு கையும் மேசை மேலேயே இருக்கும், பத்து விரலும் உனக்குத் தெரிகிற மாதிரி.

உன் அம்மா